செக் இன்ஜின் விளக்கு எரிந்தால்: டீசல் காரின் புகைக் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டறிதல்

2020-க்குப் பிறகு வாங்கிய டீசல் காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பெரிய பாகத்தின் பெயரும் அதைவிடப் பெரிய தொகையும் காதில் விழும். என் காருக்கும் அப்படித்தான் நேர்ந்தது. ஸ்கேனரை மாட்டினார்கள், பி2002 என்ற குறியீடு வந்தது, "டிபிஎஃப் உள்ளே உடைஞ்சிருச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்று புகைப்பாதையில் இருக்கும் கரி வடிகட்டியைச் சொல்லி, ஒரு லட்சத்தைத் தாண்டிய மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள். கடைசியில் பழுதாகியிருந்தது சில நூறு ரூபாய் பெறும் ஒரு ரப்பர் குழாய். அந்தப் பட்டறையினர் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். குறியீடு சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். ஆனால் பிழைக் குறியீடு என்பது ஏதோ ஒரு சென்சார் எழுதிக் கொடுத்த புகார் மனு மட்டுமே. மனுவில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை, விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையின் பெரும்பகுதியை வீட்டு வாசலில், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கும் கருவிகளோடு செய்துவிட முடியும்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதியின்படி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடும் 0.025 கிராம் வரை புகைத்துகளும் வெளியிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 அவற்றை முறையே 0.08 கிராமுக்கும் 0.0045 கிராமுக்கும் குறைத்தது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. பிஎஸ்4 கார்களில் பெரும்பாலும் இஜிஆர் வால்வும், சைலன்சர் பாதையில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் மட்டுமே இருக்கும். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாகாமல் தடுப்பது இஜிஆரின் வேலை. பிஎஸ்6 கார்களில் இவற்றோடு கரித்துகளைப் பிடித்து வைத்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்து சேர்ந்தது. நைட்ரஜன் ஆக்சைடுக்காகச் சில வண்டிகளில் யூரியா திரவம் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும், வேறு சிலவற்றில் யூரியா தேவைப்படாத சேமிப்பு வகைக் கன்வெர்ட்டரும் உண்டு. டீசல் ஊற்றும் வாய்க்குப் பக்கத்திலோ வேறெங்கோ நீல மூடி போட்ட இன்னொரு வாய் இருந்தால் உங்களுடையது எஸ்சிஆர் வண்டி. இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் யூரியா பற்றிய பகுதியை நீங்கள் தாண்டிப் போகலாம்.

கருவிகளும் எச்சரிக்கைகளும்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்துக்கு அருகில், காரின் கம்ப்யூட்டரோடு பேச உதவும், 16 துளைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் மாட்டக்கூடிய புளூடூத் அடாப்டரும், கைப்பேசியில் அதைப் படிக்கும் ஒரு செயலியும் வேண்டும். சந்தையில் ஈஎல்எம்327 என்ற பெயரில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பாதி, பாதித் தகவலைத்தான் தரும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, உங்கள் கார் கம்பெனிக்கென்றே தனி அளவீடுகளைக் காட்டும் செயலியோடு ஒத்துப்போகும் அடாப்டராகப் பார்த்து வாங்குவது நல்லது. பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் அழுத்தம், கரியின் அளவு, புகைப்பாதை வெப்பநிலை ஆகிய மூன்றும் திரையில் தெரியாவிட்டால் அந்த அடாப்டரால் பயன் குறைவு. இவற்றோடு ஒரு மல்டிமீட்டர், நல்ல டார்ச் லைட், பழைய வெள்ளைத் துணி, ஒரு நோட்டுப் புத்தகம் இவ்வளவு போதும். நோட்டுப் புத்தகத்தை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அளவீடுகளை எழுதி வைக்காதவர் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கதவடைத்த ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் 'ரயில்' என்ற உயர் அழுத்தக் குழாயின், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும், ஊசி முனை அளவுக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ரேடியேட்டர் விசிறி, இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுழலும். டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்போது அதன் உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸை எட்டும் என்பதால், அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட வைக்கோல் மீதோ, காய்ந்த சருகு மீதோ வண்டியை நிறுத்துவது தீயோடு விளையாடுவதற்குச் சமம்.

அழிக்காதீர்கள், முதலில் எழுதுங்கள்

அடாப்டரை மாட்டியவுடன் கை துறுதுறுவென்று 'கிளியர்' பொத்தானுக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். குறியீட்டோடு சேர்த்து, கோளாறு பதிவான அந்தக் கணத்தில் வண்டி எந்த வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு பாரம் இழுத்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம் போலச் சேமித்து வைத்திருக்கிறது. செயலியில் அது 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பெயரில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதிதான். பட்டறைக்குப் போவதற்கு முன்பே இந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

உறுதியான குறியீடுகளோடு 'பெண்டிங்' என்ற நிலுவைக் குறியீடுகளையும் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் எது காரணம், எது விளைவு என்று யோசிக்க வேண்டும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0299, கரி மிகுந்துவிட்டது என்று சொல்லும் பி2463 இரண்டும் சேர்ந்து வந்தால், டிபிஎஃப்பைத் தொடுவதற்கு முன் காற்றுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, எரியாதது கரியாகி வடிகட்டியில் போய் அடையும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஐந்தாறு சென்சார்கள் ஒரே நேரத்தில் புகார் கொடுத்தால், அவை அனைத்துக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியின் ஓய்வு மின்னழுத்தம் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. எர்த் வயரின் நட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். அதன் பிறகு எலி. பானட்டைத் திறந்து, இன்ஜின் மேல்மூடியை எடுத்துவிட்டு, வயர்க் கட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப் புழுக்கையோ, பாதி கொறித்த தேங்காய்ச் சில்லோ கிடந்தால், ஸ்கேனரைவிட அது தெளிவாகப் பேசும்.

காலை வேளைச் சோதனை

செலவே இல்லாத, ஆனால் பெரும்பாலோர் செய்யாத சோதனை இது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் இன்ஜினை இயக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, அளவீடுகளை வரிசையாகப் படியுங்கள். இந்த நேரத்தில் உண்மை என்னவென்று உங்களுக்கே தெரியும் என்பதுதான் இதன் சிறப்பு. இன்ஜின் ஓடவில்லை என்பதால், டிபிஎஃப்பின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு பூஜ்யமாக இருக்க வேண்டும். கூலண்ட், உள்ளிழுக்கும் காற்று, புகைப்பாதையில் இருக்கும் இரண்டு மூன்று வெப்ப சென்சார்கள் எல்லாமே வெளியில் இருக்கும் வெப்பநிலையை ஒட்டி, சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் 28 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 95 என்றோ, மைனஸ் 40 என்றோ காட்டினால் அதன் சென்சாரோ, வயரோ, வயரைச் சென்சாரில் மாட்டும் கப்ளரோதான் பழுது.

சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்த சென்சார், இன்ஜின் நிற்கும்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அது 101 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். பெங்களூரில் 91-ஐ ஒட்டியும், ஊட்டியில் 78-ஐ ஒட்டியும் இருந்தால் அது கோளாறு அல்ல, மலையின் உயரம். கடற்கரை ஊரில் நின்றுகொண்டு 90 காட்டுகிற சென்சார் பொய் சொல்கிறது. அதன் பேச்சைக் கேட்டு டர்போவை மாற்றினால் பணம் போனதுதான் மிச்சம்.

காற்றுப் பாதையும் இஜிஆரும்

இஜிஆர் தொடர்பாக வரும் குறியீடுகளில் அடிக்கடி கண்ணில் படுவது பி0401, அதாவது திரும்பி வரும் புகை போதவில்லை என்பது. அதற்கு நேரெதிர் பி0402. வால்வின் மின் இணைப்பைப் பற்றியது பி0403. வால்வு சொன்ன இடத்துக்கு நகரவில்லை என்பது பி0404. இந்தக் கடைசி இரண்டும் நேரடியானவை. கப்ளரையும் வயரையும் வால்வையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முதலிரண்டுதான் குழப்பும். ஏனென்றால் பெரும்பாலான கார்களில் திரும்பி வரும் புகையை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. ஏர் ஃபில்டருக்குப் பிறகு உட்கார்ந்திருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ளே வரும் புதுக்காற்று எவ்வளவு என்று அளக்கிறது. இஜிஆரைத் திறந்தால் புதுக்காற்று குறைய வேண்டும், எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் புகை வரவில்லை என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. ஆக, பி0401 வந்தால் குற்றம் இஜிஆரிலும் இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரிலும் இருக்கலாம்.

இருவரில் யார் என்று பிரித்துப் பார்க்க ஒரு கணக்குப் போதும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒவ்வோர் இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. 1.5 லிட்டர் இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று சுற்றுகிறது என்றால், நிமிடத்துக்கு 425 முறை 1.5 லிட்டர், அதாவது நொடிக்கு 10.6 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிராம். பெருக்கினால் நொடிக்கு 12 கிராம். எந்த இன்ஜினும் முழுக் கொள்ளளவை நிரப்பிக்கொள்வதில்லை என்பதால், இஜிஆர் மூடியிருக்கும்போது 9 முதல் 11 கிராம் வரை வந்தால் அந்தச் சென்சார் பொறுப்பாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் சூடான பிறகு, இஜிஆர் திறந்திருக்கும் ஐடிலில் இந்த எண் கண்கூடாகக் கீழே இறங்க வேண்டும், பாதியளவுக்குக்கூட இறங்கும். உங்கள் வண்டி 1.3 லிட்டரோ 2.2 லிட்டரோ, கொள்ளளவை மட்டும் மாற்றி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இஜிஆர் மூடிய நிலையை எப்படி வரவழைப்பது? பல வண்டிகளில் மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் தானாக வால்வை மூடிவிடும். ஆகவே, இன்ஜினை நிறுத்திவிட்டு இஜிஆரின் கப்ளரைக் கழற்றி வைத்து, மறுபடி இயக்கி ஐடிலில் அளவைப் பாருங்கள். இதனால் பி0403 போன்ற ஒரு புதிய குறியீடு வரும். அது நாம் வரவழைத்தது, பயப்பட வேண்டாம். கப்ளரைக் கழற்றியும் அளவு 5 கிராமிலேயே நின்றால், ஒன்று வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது சென்சார் குறைத்து அளக்கிறது. இரண்டையும் பிரிக்க, வெளியில் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், பக்கத்தில் ஒருவர் அமர்ந்து அளவைப் பார்க்க, மூன்றாவது கியரில் நன்றாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். வண்டி பழைய பிக்கப்போடு பாய்ந்தும் காற்று அளவு மட்டும் ஏறாமல் இருந்தால் சென்சார். வண்டியே மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கினால் வால்வு. கப்ளர் மாட்டிய நிலையில் திறக்கச் சொல்லியும் அளவு 10-லிருந்து இறங்கவில்லை என்றால் வால்வோ அதன் பாதையோ கரியால் அடைபட்டிருக்கிறது.

காற்றுச் சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டுமே பயன்பட வேண்டும்; கார்புரேட்டர் கிளீனரை அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய இழையை விரலாலோ பஞ்சாலோ தொடக் கூடாது. இஜிஆர் வால்வை, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கழற்றிச் சுத்தம் செய்யலாம். உள்ளே தார் போலக் கெட்டியான கரி விரற்கடை அளவுக்குப் படிந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எடுத்து, மோட்டார் இருக்கும் பக்கம் திரவம் இறங்காமல் பார்த்துக்கொண்டு, புதிய கேஸ்கெட் போட்டு மாட்டுங்கள். சில வண்டிகளில் மாட்டிய பிறகு வால்வின் மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். செயலியில் அந்த வசதி இல்லையென்றால் அதை மட்டும் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

இஜிஆரோடு ஒட்டிய, திரும்பி வரும் புகையைக் கூலண்டால் குளிரவைக்கும் கூலரையும் மறந்துவிடக் கூடாது. வெளியில் எங்கும் கசிவு தெரியாமல் கூலண்ட் மட்டும் மாதாமாதம் குறைந்து, காலையில் கிளப்பியதும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், கூலரின் உள்ளே ஓட்டை விழுந்திருக்கக்கூடும். இதை வீட்டில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களில் கசிவு இருந்தால், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் அடையாளம் காட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும் கேட்கும்.

டிபிஎஃப்: வடிகட்டியா, அதை அளப்பவரா?

என் ரப்பர் குழாயின் கதை இங்கேதான் வருகிறது. பி2002 என்ற குறியீட்டின் பொருள், வடிகட்டி தன் வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை என்பது. உள்ளிருக்கும் செராமிக் கட்டி விரிசல் விட்டிருந்தால் புகை தடையின்றிப் போய்விடும், அழுத்த வேறுபாடு குறையும், ஆகவே இந்தக் குறியீடு வரும். பட்டறையின் தர்க்கம் அதுதான். அதில் பிழை இல்லை. ஆனால் வடிகட்டி உண்மையிலேயே உடைந்திருந்தால் கரித்துகள் பின்னால் வந்தாக வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து, சைலன்சர் ஆறிய பிறகு, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, வால்குழாயின் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்தேன். துணியில் செம்மண் தூசியும் லேசான சாம்பல் நிறமும்தான் ஒட்டின. 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டீசல் காரின் வால்குழாய் அது. வடிகட்டி உடைந்த வண்டியில் அதே துணி, அடுப்புக்கரியில் முக்கியதைப் போல வந்திருக்கும்.

அடுத்து அளவைப் பார்த்தேன். சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது பூஜ்யம், சரி. ஐடிலில் 1 மில்லிபார். மூவாயிரம் சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தபோதும் அதே 1. ஒரு வடிகட்டி, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், புகையின் வேகம் கூடும்போது தடையும் கூடியே ஆக வேண்டும். அசையாத எண் என்றால் அழுத்தம் சென்சாரை எட்டவில்லை. வடிகட்டியின் முன்பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் குழாய் மேலே வந்து, அதன் நுனியில் விரற்கடை நீள ரப்பர் குழாய் மாட்டப்பட்டு, அது சென்சாரில் போய் முடிகிறது. கிளிப்புக்கு ஒட்டினாற்போல், குழாய் வளையும் இடத்தில், நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வளைவை விரலால் மெல்ல விரித்தபோது, நகக்கீறல் போல ஒரு வெடிப்பும் அதைச் சுற்றிக் கறுப்புத் தூளும் தெரிந்தன. வெப்பத்தில் ரப்பர் கல்லாக இறுகிப் பிளந்திருந்தது. அதே அளவில், சூடு தாங்கும் குழாய் வாங்கிப் போட்ட பிறகு, ஐடிலில் 5 மில்லிபாரும் மூவாயிரம் சுற்றில் 40-ஐ ஒட்டியும் வந்தது. குறியீட்டை அழித்தேன், பிறகு அது வரவில்லை.

ஆகவே டிபிஎஃப் குறியீடு எதுவாக இருந்தாலும், முதலில் இந்தக் குழாய்களைப் பாருங்கள். சில வண்டிகளில் இரண்டு குழாய்களும், சிலவற்றில் ஒன்று மட்டுமே இருக்கும். அழுத்தம் மிகக் குறைவு என்னும் பி244ஏ வந்தால் முன்குழாய் வெடித்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்றும், அளவு நம்பும்படி இல்லை என்னும் பி2453 வந்தால் குழாய்களில் நீரோ கரியோ அடைத்திருக்கிறதா என்றும் தேட வேண்டும். அடைப்பை ஊதி எடுப்பதானால் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு வடிகட்டியை நோக்கி ஊதுங்கள். கம்ப்ரசர் காற்றைச் சென்சாருக்குள் அடித்தால் அது அன்றோடு முடிந்தது.

கரி மிகுந்துவிட்டது என்னும் பி2463 வேறு வகை. இதில் வடிகட்டி பெரும்பாலும் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். கரியை எரிக்க வடிகட்டி 600 டிகிரியை எட்டி, அந்தச் சூட்டில் பத்து முதல் இருபத்தைந்து நிமிடம் நீடிக்க வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து கிலோமீட்டர், கடையிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் இது தொடங்கிய கையோடு சாவி அணைக்கப்பட்டுவிடுகிறது. எரிப்பு நடக்கும்போது ஐடில் வழக்கத்தைவிட ஏறி நிற்கும், திரையில் அந்நேர மைலேஜ் திடீரென்று சரியும், நிறுத்தியபின் விசிறி இரைச்சலோடு ஓடும், காய்ந்த இரும்பின் வாடை அடிக்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், நான்கு வழிச்சாலைக்குப் போய், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், 1500 முதல் 2500 சுற்றுக்குள் இருபத்தைந்து நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். பல கார்களின் கையேட்டிலேயே ஏறக்குறைய இந்த அறிவுரை இருக்கிறது. விளக்கு மின்னிக்கொண்டோ, இன்ஜின் விளக்கோடு சேர்ந்தோ எரிந்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். சாலையில் ஓட்டி எரிக்க முயலாமல் பட்டறையில் கருவி வைத்து எரிக்க வேண்டும்.

எரிப்புக்காக அதிகப்படியாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி, ஆயில் நீர்த்து, டீசல் வாடையும் அடித்தால், 'நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்லை' என்று பெருமைப்பட வேண்டாம். உடனே மாற்ற வேண்டும். சாம்பல் குறைவாகத் தரும், ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரத்தின் சி2 அல்லது சி3 வகை ஆயிலில் உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள். கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது. பல ஆண்டுகளாக அது வடிகட்டியில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் பி242எஃப் என்று வரும். லட்சம் கிலோமீட்டரை நன்றாகத் தாண்டிய வண்டியில் எரிப்பு முடிந்த உடனேயும் அழுத்த வேறுபாடு உயரமாகவே நின்றால் சாம்பலைச் சந்தேகிக்கலாம். அப்போது வடிகட்டியைக் கழற்றி முறையாகச் சுத்தம் செய்ய வேண்டும்; கார் கழுவும் பிரஷர் தண்ணீரை அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க நான் துணியமாட்டேன்.

வடிகட்டியின் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, மாசு வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. அது ஒருபுறம் இருக்க, பின்னால் நிற்கும் இருசக்கர வாகனத்தில் முன்னே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம் உங்கள் வால்குழாய்ப் புகைக்கு எதிரே இருக்கிறது.

யூரியா அமைப்பு

எஸ்சிஆர் வண்டிகளில் ஊற்றும் திரவம், தூய யூரியா 32.5 சதவீதமும் கனிமம் நீக்கிய நீரும் கலந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தெளிப்பான் அடைபட்டு, கன்வெர்ட்டரும் பாழாகும். தரம் சரியில்லை என்னும் பி207எஃப் குறியீடு வந்தால், உங்கள் கேன் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். 25 டிகிரியில் ஒன்றரை ஆண்டு கெடாமல் இருக்கும் இந்தத் திரவம், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும்; சித்திரை வெயிலில் டிக்கியிலேயே கிடந்த கேனுக்கு அதுவும் நிச்சயமில்லை. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் செறிவு தெரிந்துவிடும். யூரியா அளவுக்கான கருவிதானா என்று பார்த்து வாங்க வேண்டும். தேனுக்கும் பேட்டரி நீருக்கும் உள்ளவை உதவாது. தெரியாமல் யூரியா தொட்டியில் டீசலையோ, டீசல் தொட்டியில் யூரியாவையோ ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

நைட்ரஜன் ஆக்சைடு குறையவில்லை என்னும் பி20ஈஈ வந்தால், தெளிப்பான் சைலன்சரில் சேரும் இடத்தைப் பாருங்கள். வெள்ளை உப்புப் பூத்தது போலப் படிந்திருந்தால் அது யூரியாப் படிகம். சைலன்சர் ஆறிய பிறகு வெதுவெதுப்பான நீரில் கரையும். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள் விலை அதிகமானவை, ஆகவே அவற்றை மாற்றும் முன் சோதிக்க வேண்டும். புகைப்பாதை நன்றாகச் சூடான பிறகே அவை அளக்கத் தொடங்கும். குளிர்ந்த வண்டியில் அவை மௌனமாக இருப்பது பழுது அல்ல. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, சரிவான சாலையில் கியரில் வைத்தபடி ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் டீசல் தெளிப்பு நின்றுவிடும். எரிப்பே இல்லாதபோது இரண்டு சென்சார்களும் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்காமல் அப்படியே நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். சீரான வேகத்தில் பின்சென்சார் முன்சென்சாரைவிட நன்றாகக் குறைவாகக் காட்ட வேண்டும். பின்னது கூடுதலாகக் காட்டினால் யூரியா அளவுக்கு மீறித் தெளிக்கப்படுகிறதோ என்றும் யோசிக்க வேண்டும்; இந்தச் சென்சார்களுக்கு அம்மோனியாவையும் நைட்ரஜன் ஆக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு வண்டி கிளம்பாது என்ற எண்ணிக்கை திரையில் வரத் தொடங்கிவிட்டால் சோதனையை நீட்ட வேண்டாம். அது பூஜ்யத்தைத் தொட்டபின் இன்ஜினை அணைத்தால், மறுபடி கிளம்பாது.

சரிசெய்த பிறகு

பழுதை நீக்கி, குறியீட்டை அழித்த கையோடு புகைச் சான்றிதழுக்குப் போக வேண்டாம். செயலியில் 'ரெடினஸ்' என்ற பக்கத்தில் இஜிஆர், டிபிஎஃப் முதலானவற்றின் தற்சோதனை முடிந்ததா என்று காட்டும். எல்லாம் முடிவதற்கு நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த சில நாள் ஓட்டம் தேவைப்படும். அதுவரை விளக்கு எரியாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. புகைச் சோதனை மையத்தில் டீசல் வண்டிக்குச் செய்வது, ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று முழுவதும் மிதித்து, வரும் புகையின் அடர்த்தியை ஒளி கொண்டு அளப்பது. பிஎஸ்4-க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், பிஎஸ்4 வண்டிக்கு 50-ம் வரம்பு. டிபிஎஃப் ஒழுங்காக இருக்கும் பிஎஸ்6 வண்டியில் அந்த எண் வரம்புக்கு வெகு கீழே நிற்கும். சான்றிதழில் அச்சாகும் அந்த எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அது கூடியிருந்தால், விளக்கு எரிவதற்கு முன்பே குழாய்களையும் இஜிஆரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாம்.